வேலையும் வேளையும்: வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்ட ஆபீஸில் கிராணியாக இருக்கிறேன். நேர நிர்வாகம் பற்றிய இயங்கலை வகுப்பில் சேர்ந்து பாதிக் காணொளிகள் பார்த்தாகிவிட்டது. கேட்கும்போது எல்லாம் சரியாகத்தான் படுகிறது. ஆபீஸுக்குப் போனால் பழைய கதைதான். மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) வருகிறார், லாரிக்காரர் வருகிறார், போன் அடிக்கிறது. மாதக் கடைசியில் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) முடிக்க ராத்திரி ஆகிவிடுகிறது. வகுப்பைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

தொடருங்கள். ஆனால் அடுத்த காணொளியை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அந்த வாரம் மேசையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். அரை மணிக்கு ஒரு வரி, அதில் மூன்று கட்டம்: என்ன வேலை, யார் இழுத்தது (நானே, ஆள் வந்து, போன்), நேரம் (எவ்வளவு ஆகும் என்று நினைத்தேன், எவ்வளவு ஆனது). அந்த அந்த நேரத்திலேயே எழுத வேண்டும். சாயங்காலம் நினைவிலிருந்து எழுதினால் பெரிய வேலைகள் மட்டும் நோட்டில் ஏறும், பொழுதைத் தின்ற சில்லறை வேலைகள் ஏறாது.

மூன்றாவது கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. பழகிய வேலைக்குக்கூட மனிதர்கள் குறைவான நேரத்தையே கணக்குப் போடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதிவிட்டார்கள். 'கூட 20 சதவீதம் சேர்த்துக்கொள்' என்பது போல வகுப்பில் பொது விதி சொல்வார்கள். உங்கள் நோட்டு அதைவிட நம்பகமானது. ஒரு மணி நேரம் என்று நினைத்தது ஒன்றே முக்கால் ஆனால், அடுத்த மாதத் திட்டத்தில் ஒன்றே முக்கால் என்றே போடுங்கள்.

இப்போது செக்ரோல். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டப்படி அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் போயாக வேண்டும். சேமநிதிச் சந்தாவும் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாவும் 15ஆம் தேதிக்குள். இந்தத் தேதிகள் நகராது. அதனால்தான் செக்ரோலை மாதக் கடைசி வேலை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது தினசரி வேலை, முப்பது நாள் சேர்ந்து கிடக்கிறது. மண்டோர் கொண்டுவரும் வருகைப் பதிவையும் பறித்த குலைக் கணக்கையும் அன்றைக்கே ஏற்றுங்கள். லீவு போட்டவர் பேரில் குலை ஏறியிருந்தால், அன்று மாலை கேட்டால் மண்டோருக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வாரம் கழித்துக் கேட்டால் தலையைச் சொறிவார். நீங்கள் ராத்திரி உட்காருவதில் பெரும்பகுதி இந்தப் பழைய பிழைகளைத் தேடுவதற்காகத்தான் இருக்கும். நோட்டைப் பார்த்தால் தெரியும்.

'போனை அணை, கதவைச் சாத்து' என்கிற பாடம் நகரத்து ஆபீஸுக்கு எழுதியது. லாரியைக் காக்க வைக்க முடியாது. பறித்த பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். ஆகவே லாரிச் சீட்டு உடனே. மண்டோர்களுக்கு ஒரு நேரம், உதாரணமாக இரண்டிலிருந்து மூன்று. லீவு விசாரணை, கடன் விசாரணை எல்லாவற்றுக்கும் அதன் பிறகு அரை மணி. மேனேஜரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவரே கண்ட நேரத்தில் கூப்பிட்டால் எந்த ஏற்பாடும் நிற்காது.

குறுக்கீடு வந்தே தீரும் என்றால், திரும்பி வருவதைச் சுலபமாக்குங்கள். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குப் போனால் கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் காட்டினார். எழுந்திருக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்: '47ஆவது ஆள் வரை ஏற்றியாச்சு, 48இல் குலை எண்ணிக்கை ஒத்துவரவில்லை.' பத்து விநாடிதான் ஆகும். 'பாதி முடிந்தது' என்று எழுதினால் பயனில்லை. அடுத்து கை எங்கே போக வேண்டும் என்பது அந்த வரியில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஓடிய பிறகு காணொளிக்குத் திரும்புங்கள், வாரத்துக்கு ஓர் உத்தி மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் பார்த்து முடித்தால் சான்றிதழ் வரும், அவ்வளவுதான்.

வீட்டில் தையல் வேலை, ஆர்டர் எல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்). வகுப்பில் சொன்ன '25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு' எனக்குச் சரிப்படவில்லை. மணி அடிக்கும்போது துணி பாதி வெட்டில் இருக்கிறது.

சரிப்படாது. பொமொடோரோ என்கிற அந்த முறையை 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ மாணவராக இருந்தபோது படிப்புக்காக உண்டாக்கினார், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து. தொடங்கவே மனம் வராத வேலைக்கு அது நல்ல மருந்து. உங்கள் வீட்டில் அது கணக்கு எழுதுவதாக இருக்கும், அங்கே வையுங்கள். நான்கு சுற்று முடிந்தால் 15லிருந்து 30 நிமிடம் ஓய்வு. வெட்டும்போது கடிகாரம் வேண்டாம். முன்பக்கம் வெட்டியானதும், கை வெட்டியானதும் நிறுத்துங்கள். நடுவில் விட்டால் மடிப்பு நகரும், சாக்பீஸ் கோடு அழியும்.

புலனத்தைக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை மட்டும் திறங்கள். புலனத்தின் வணிகச் செயலியில், நீங்கள் இல்லாத நேரத்துக்குத் தானாகப் போகும் பதிலை அமைக்கலாம்: 'பதில் 11 மணிக்கும் 5 மணிக்கும்.'

தீபாவளி ஆர்டருக்கு 'தீபாவளிக்குள்' என்று தேதி சொல்லாதீர்கள். கொடுத்த நேரம் முழுவதையும் வேலை பரவி நிரப்பிக்கொள்ளும் என்று 1955இல் எழுதிய பார்க்கின்சன், அப்போது சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். நம் பக்கத்து அனுபவமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்! ஒவ்வொரு ரவிக்கைக்கும் போட்டுப் பார்க்கும் தேதி ஒன்று, கொடுக்கும் தேதி ஒன்று எழுதுங்கள். ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை தைக்கிறீர்கள் என்பதை மிச்ச நாளால் பெருக்குங்கள். திருத்த வேலைக்குக் கடைசி மூன்று நாளைக் கழித்துவிடுங்கள். அந்த எண்ணிக்கை நிறைந்ததும் ஆர்டரை நிறுத்த வேண்டியதுதான், கேட்பது அத்தையாக இருந்தாலும்.

இப்படிப்பட்ட வகுப்புக்குக் கம்பெனி பணம் கட்டுமா?

கட்ட வைக்கலாம். எச்ஆர்டி கார்ப் (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) சட்டத்துக்கு உட்பட்ட துறைகளில் 10 மலேசியத் தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள முதலாளி சம்பளத் தொகையில் 1 சதவீதத்தை லெவியாகக் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அந்தப் பணத்தில் படிக்க, வகுப்பு தொடங்கும் முன்பே முதலாளி விண்ணப்பிக்க வேண்டும், வகுப்பு நடத்துபவரும் அங்கே பதிந்தவராக இருக்க வேண்டும். நீங்களே கட்டிப் படித்துவிட்டு ரசீதை நீட்டினால் வராது. சொந்தச் செலவு என்றால், 'இலவசச் சோதனை' என்று வங்கி அட்டை எண் கேட்கும் தளங்களில் சேரும் அன்றே ரத்து செய்யும் தேதியைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள், கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக.