சீர்திருத்தப் பள்ளியில் பாலியல் கொடுமைக்கு ஆளான என் தம்பிக்குச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது?

"என் தம்பிக்கு 17 வயது. சீர்திருத்தப் பள்ளியில் இருந்தபோது அங்கே வேலை செய்த ஒருவர் அவனிடம் பாலியல் கொடுமை செய்திருக்கிறார். நடந்து கிட்டத்தட்ட 2 வருடம் ஆகிறது. வெளியே வந்து ஒரு வருடம் கழித்து இப்போதுதான் வாய் திறந்தான். நாங்கள் தோட்டத்தில் இருக்கிறோம், வசதி இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் தள்ளிப்போட்டோம்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 16 வருடமாகக் கிராணியாக இருக்கிறேன். வழக்கறிஞர் அல்ல. கோப்பு தூக்கி, நீதிமன்றத்தில் காத்திருந்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். இவ்வளவு இருந்தும் என் சித்தி மகனுக்கு நடந்தது எனக்கு 2022இல்தான் தெரிந்தது. அவன் உள்ளே இருந்தது 2018இல், அப்போது 16 வயது. மோட்டார் திருடிய கூட்டத்தோடு பிடிபட்டவன். வெளியே வந்ததும் 2019இல் சித்தியிடம் சொல்லிவிட்டான். சித்தி செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். "முதல்ல படிப்ப முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அதற்குள் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. லயத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பேசியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

அந்த மூன்று வருடம்தான் விஷயமே. இதில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன, இரண்டுக்கும் கணக்கு வேறு. ஒன்று, செய்தவனைத் தண்டிக்கும் குற்ற வழக்கு. மலேசியாவில் இதற்குக் கெடு கிடையாது. பத்து வருடம் கழித்தும் போலீஸ் ரிப்போர்ட் செய்யலாம். இன்னொன்று, நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கு. சாதாரண மனிதர் ஒருவர் மேல் போடுவதென்றால் 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி 6 வருடம். பாதிக்கப்பட்டவர் வயது வராதவர் என்றால் 18 நிறைந்த பிறகே அந்தக் கணக்கு ஆரம்பமாகும். அரசாங்கத்தின் மேல் போடுவதென்றால் 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அதில் 36 மாதம்தான்.

சீர்திருத்தப் பள்ளிகளில் துனாஸ் பக்தி பள்ளிகளை நடத்துவது சமூகநல இலாகா. ஹென்றி கர்னி பள்ளிகளை நடத்துவது சிறைச்சாலை இலாகா. இரண்டுமே அரசாங்கம். உங்கள் தம்பி எதில் இருந்திருந்தாலும் 36 மாதத்தையே மனதில் வையுங்கள். எண்ணத் தொடங்க வேண்டியது சம்பவம் நடந்த நாளிலிருந்து. அவன் வெளியே வந்த நாளிலிருந்தும் அல்ல, உங்களிடம் சொன்ன நாளிலிருந்தும் அல்ல. 18 வயது வரை காத்திருக்கலாம் என்ற சலுகையை இதில் நம்பி உட்காராதீர்கள். அவன் சார்பில் வயது வந்த ஒருவர், அப்பாவோ நீங்களோ, இப்போதே வழக்குப் போட முடியும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு ஒரு வருடம்போல மிச்சம் இருக்கிறது. எங்களுக்கு ஒரு நாளும் மிச்சமில்லை. செய்த அந்த ஆள் மேல் தனியாகப் போட்டிருக்கலாம்தான். அவனிடம் என்ன சொத்து இருந்தது வசூலிக்க?

சரி, முதலில் போலீஸ். எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம், பள்ளி இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பதால் நாங்கள் வேண்டுமென்றே வேறு ஊருக்குப் போனோம். அங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவு எட்டு மணி இருக்கும். சார்ஜன் மரியாதையாகத்தான் கேட்டார். இவன் சுவரில் இருந்த காற்றாடியைப் பார்த்துக்கொண்டே, மலாயில், "டியா காச்சாவ் சாயா" என்றான், அதாவது அவர் எனக்குத் தொந்தரவு கொடுத்தார் என்று. சார்ஜன் அதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டார். நம் பையன்கள் வாயில் அந்தச் சொல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். கேலி செய்தாலும் காச்சாவ், சீண்டினாலும் காச்சாவ், இதுவும் காச்சாவ். வெட்கத்தில் அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருந்துவிட்டேன். வாசித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டோம். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். அன்று தொந்தரவு என்றுதானே சொன்னாய், இப்போது எப்படி வேறாகிவிட்டது என்று.

அதனால் போவதற்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். உடம்பில் எங்கே, எதனால், எத்தனை தடவை, எந்த அறையில், பகலா இரவா. இதை அவன் உங்களிடம் விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸில் நேரடியான சொற்களில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தால் போதும். மலாயில் வரவில்லை என்றால் தமிழில் சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். தேதி ஞாபகமில்லை என்றால் ஊகித்துச் சொல்லக் கூடாது. "தீபாவளிக்கு வீட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன வாரம்" என்பது போதும். வாசித்துக் காட்டும்போது தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். இன்னொன்று, வீட்டில் ஆளுக்கு ஒரு தடவை அவனைச் சொல்லவைக்காதீர்கள். சித்தப்பா கேட்டார், பெரியம்மா கேட்டார், கோயில் தலைவர் கேட்டார் என்று எங்கள் பையன் ஏழெட்டுப் பேரிடம் சொல்லியிருந்தான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று மாறும். அவனுக்கும் ஒவ்வொரு தடவையும் மறுபடி நடப்பது போலத்தான்.

ரிப்போர்ட்டுக்குப் பிறகு டி11 என்ற பிரிவு விசாரிக்கும். பாலியல் குற்றங்கள், பெண்கள், சிறார் வழக்குகளுக்கென்றே உள்ள பிரிவு அது. நான்கு வாரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. இரண்டு வாரத்தில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு எழுதலாம். எங்கள் கோப்பு இரண்டு கடிதத்துக்குப் பிறகுதான் நகர்ந்தது.

எந்தச் சட்டம் என்று கேட்பீர்கள். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017. அந்த ஆண்டு ஜூலை 10ஆம் தேதி அமலுக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். பையனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று சொல்லும் உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள். பாலியல் நோக்கத்தோடு தொட்டாலே 14ஆம் பிரிவில் 20 வருடம் வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். அதைவிடப் பெரிய கொடுமை என்றால் தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் வரும். உங்கள் தம்பிக்கு முக்கியமானது 16ஆம் பிரிவு. பிள்ளையின் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால் கூடுதலாக 5 வருடம் வரை சிறை, குறைந்தது 2 பிரம்படி. தன் கடமையின் பேரில் பிள்ளையோடு பழகும் அரசு ஊழியரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் மறைத்தவர்களுக்கு 19ஆம் பிரிவில் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். ஆகவே, "வேற சாருக்கும் தெரியும்" என்று தம்பி சொல்லியிருந்தால் அதையும் ரிப்போர்ட்டில் சேருங்கள்.

உள்ளே போய் வந்தவன் சொல்வதை யார் நம்புவார்கள் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் பெரிய பூட்டு. இந்தச் சட்டத்தில் வேறு சாட்சி இல்லாமல், பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லலாம். அவன் பழைய வழக்கு ஒருபக்கம் இருக்கட்டும். அதற்குத் தண்டனையாக அவனுக்குக் கொடுத்தது உள்ளே இருக்கும் நாட்கள் மட்டும்தான். இதைச் சேர்த்து யாரும் தீர்ப்பெழுதவில்லை.

செய்தவர் ஊழியர் இல்லை, பெரிய பையன் ஒருவன் என்றாலும் வழி அடைபடவில்லை. அவன் மேல் குற்ற வழக்கு உண்டு. இரவில் கண்காணிக்க ஆள் வைத்தார்களா, தெரிந்தும் ஒரே அறையில் விட்டார்களா என்று கவனக்குறைவுக்காக நிர்வாகத்தின் மேல் சிவில் வழக்கும் உண்டு.

மருத்துவமனையை விட்டுவிடாதீர்கள். அரசாங்க மருத்துவமனைகளில் அவசரப் பிரிவோடு சேர்ந்து ஓஎஸ்சிசி என்ற உதவி மையம் இருக்கிறது. கோலாலம்பூரில் 1994இல் ஆரம்பித்த முறை அது. நடந்து 72 மணி நேரத்துக்குள் போனால் உடல் தடயமும் எடுக்கலாம், நோய்த் தடுப்பு மருந்தும் தரலாம். உங்களுக்கு அது கடந்துவிட்டது. பரவாயில்லை, போங்கள். தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குளியலறைக் கதவைப் பூட்ட மாட்டேன் என்கிறான் என்பதை எல்லாம் மனநல மருத்துவர் எழுதி வைப்பார். முதல் வேலை அவன் தேறுவது. நஷ்டஈடு கேட்கும் நாளில் அந்தக் குறிப்புகளே சான்றாகவும் நிற்கும். பள்ளிக்குள் மருந்தகத்துக்குப் போயிருந்தால் அந்தப் பதிவேட்டையும், கேமரா பதிவையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்புங்கள். நீங்கள் பார்க்கப் போன நாட்கள், அவன் எழுதிய கடிதம், எந்த மாதம் அறை மாற்றினார்கள், இதையெல்லாம் இன்று இரவே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

பணம். பெரிய ஊர் வழக்கறிஞரைத் தேடி ஓட வேண்டாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன, பேராக்கில் ஈப்போவில் உண்டு. வருமானம் பார்த்து எடுத்துக்கொள்வார்கள், சம்பளச் சீட்டைக் கொண்டுபோங்கள். அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவில் பாலியல் குற்றத்துக்கு ஆளான பிள்ளைகளுக்கு "பெண்டாம்பிங் குவாமான்" என்று ஒரு சட்டத் துணையைத் தருகிறார்கள், அதையும் கேளுங்கள். 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி 24 மணி நேரமும் இயங்குகிறது. மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் புகார் கொடுக்கலாம், அங்கே சிறாருக்கென்று ஆணையர் இருக்கிறார். இலாகாவுக்கும் கடிதம் எழுதலாம். ஆனால் "நாங்களே உள்விசாரணை செய்கிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்று யார் சொன்னாலும் பொறுக்காதீர்கள். ஆளை இடம் மாற்றுவதோடு முடிந்த உள்விசாரணைகளை நான் கோப்பில் பார்த்திருக்கிறேன்.

டிக்டாக்கில் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு அமெரிக்க வழக்கறிஞர்களின் விளம்பரங்கள் வரும், உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம் சிறார் காப்பகங்களில் நடந்த கொடுமைகளுக்காக 2025இல் 400 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது உண்மைதான். மேரிலாந்து மாநிலம் 2023இல் இப்படிப்பட்ட சிவில் வழக்குக்கான கெடுவையே எடுத்துவிட்டது. அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள், அதனால் வயதானவர்கள்கூட வந்து வழக்குப் போட்டார்கள். நம் நாட்டில் அந்த 36 மாதம் இன்னும் அப்படியே நிற்கிறது, அது மாற வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வேன். "ஜெயித்தால் பங்கு கொடு, தோற்றால் காசு வேண்டாம்" என்ற முறையும் இங்கே வழக்கறிஞர்களுக்குத் தடை. அப்படிச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் விலகிப் போங்கள்.

முகநூலில் எழுதாதீர்கள். கோபம் வரும், எனக்கும் வந்தது. தம்பியை அடையாளம் காட்டும்படி பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடுவது சிறார் சட்டம் 2001இன் 15ஆம் பிரிவில் குற்றம். சொந்த அக்கா என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள்.

எங்கள் வழக்கில் அந்த ஆள் 2024இல் தண்டிக்கப்பட்டான். தண்டனை சொல்வதற்கு முன் பாதிக்கப்பட்டவர் தன் நிலையை நீதிமன்றத்தில் சொல்லலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 183ஏ பிரிவில் இடம் உண்டு. இவன் பள்ளி நோட்டுத் தாளில் மலாயில் பதினொரு வரி எழுதியிருந்தான். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிப் பல வருடம் ஆகிறது என்பது நான்காவது வரி. சித்திக்கு அது அன்றுதான் தெரியும். கரண்ட் பில்லுக்காக அவனைத் திட்டியிருக்கிறார். அதே சட்டத்தின் 426ஆம் பிரிவில் குற்றவாளியே நஷ்டஈடு தர உத்தரவிடும்படி அரசுத் தரப்பு கேட்கலாம், அதை நாங்கள் கடைசி நேரத்தில்தான் கேட்டோம். நீங்கள் வழக்கு ஆரம்பிக்கும்போதே அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் சொல்லி வையுங்கள்.

போலீஸ் நிலையத்துக்கு யார் கூட வர வேண்டும் என்று அவனையே கேளுங்கள். எங்கள் பையன் அம்மா வேண்டாம் என்றான். சித்திக்கு முகம் வாடியது, ஆனாலும் வீட்டிலேயே இருந்துகொண்டார். போகும்போது அவன் மைகார்டையும் ஒரு தண்ணீர் போத்தலையும் என் கையில் கொடுத்தனுப்பினார்.