ஒரே உயர மெழுகுவர்த்திகள் ஒரே நேரத்தில் தீராதது ஏன்?

கேள்வி: பல்லடம் அருகே குடியிருக்கிறோம். ஆடிக் காற்றில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடுவதால் இரண்டு கடைகளில் மெழுகுவர்த்தி வாங்கினோம். உயரம் ஒன்றுதான், ஆனால் ஒன்று மூன்று மணி நேரத்தில் தீர்ந்தது, மற்றொன்று ஐந்து மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ஜன்னலோரம் வைத்தது இன்னும் விரைவாகக் கரைந்தது. மெழுகில் கலப்படமா?

பதில்: கலப்படம் என்று முடிவு செய்வதற்கு முன், இரண்டின் அடிப்பாகத்தையும் அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஒன்றின் விட்டம் 1.5 செ.மீ., மற்றதன் விட்டம் 2 செ.மீ. என்றால், கண்ணுக்கு அரை சென்டிமீட்டராகத் தெரியும் வேறுபாடு மெழுகின் அளவில் ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். திரி ஒன்றுபோல் இருந்தால், மெலிந்தது மூன்று மணி நேரம் எரியும்போது பருத்தது ஐந்தேகால் மணி நேரம் எரியும்.

விட்டமும் ஒன்றாக இருந்தால், திரியைப் பார்க்க வேண்டும். மெழுகு கட்டியாக இருக்கும்போது எரிவதில்லை. அது உருகி, திரியின் இழைகளுக்கிடையே மேலேறி, சுடரின் சூட்டில் ஆவியாகிறது, அந்த ஆவியே எரிகிறது. சுடரை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலேயே தீ கீழே தாவிப் பற்றுவதைக் காணலாம். ஆகவே எத்தனை இழை, எவ்வளவு தடிமன் என்பதே ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மெழுகு செலவாகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நூலோடு பழகிய உங்கள் ஊராருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் செலவுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது என்பதால்தான், 1860-இல் இங்கிலாந்து சட்டம் விளக்கொளியை அளப்பதற்கு, மணிக்கு 120 கிரெய்ன், அதாவது சுமார் 7.8 கிராம் எரியும் திமிங்கிலத்திலிருந்து எடுத்த மெழுகால் செய்த மெழுகுவர்த்தியை அளவையாக வைத்தது. எனவே விரைவில் தீர்வது கூடுதல் வெளிச்சம் தந்திருந்தால் அதைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஜன்னலோரத்துக் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சுடரை ஒரு பக்கமாகச் சாய்க்கும்போது, அந்தப் பக்கத்து விளிம்பு உருகி உடைந்து, தேங்கி நின்ற மெழுகு எரியாமலேயே வழிந்தோடிவிடுகிறது. தட்டில் உறைந்து கிடப்பது முழுவதும் வீணானதே.

மெழுகின் தரமும் ஓரளவு காரணம். பாரஃபின் மெழுகு வகையைப் பொறுத்து ஏறத்தாழ 46 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். குறைந்த சூட்டில் உருகுவது எளிதில் வழியும், சித்திரை வெயிலில் அலமாரியிலேயே வளையும். ஆனால் அது மலிவான வகை என்பதற்கே அடையாளம், கலப்படத்துக்கு அல்ல.

இனி வாங்கும்போது உயரத்தைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். ஏற்றுவதற்கு முன் திரியை அரை சென்டிமீட்டருக்குக் கத்தரித்து, காற்றுப் படாத மூலையில், ஒன்றின் சூடு மற்றொன்றைத் தாக்காதபடி தள்ளித் தள்ளி வையுங்கள். ஐயம் தீரவில்லையெனில், இரண்டையும் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு மணி நேரம் எரித்து, வழிந்ததையும் சேர்த்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். குறைந்த கிராம்தான் உண்மையில் எரிந்த மெழுகு.