கண்ணனின் புள்ளிகள்

வணக்கம் ஐயா,

நான் கல்லடியில் இருக்கிறேன். கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய ‘கிரிக்கட்’ (Cricut) என்ற, கணினியில் வரைந்ததைத் தாளில் வெட்டும் இயந்திரத்தில் கேக்கில் குத்தும் பெயர்களும் வாழ்த்து மட்டைகளும் செய்து விற்கிறேன். ‘மெஷின் வெட்டுவதற்கு இவ்வளவு காசா’ என்கிறார்கள். என்ன விலை சொல்வது? வெட்டும்போது தாளை ஒட்டிவைக்கும் பாயின் பசையும் குறைந்துவிட்டது. தமிழ் எழுத்துகள் துண்டு துண்டாக விழுவதால் பெயர்களை ஆங்கிலத்திலேயே வெட்டுகிறேன். படங்களை இணைத்திருக்கிறேன்.

*

அன்பு மகள்,

மயில் தோகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் இழைகூடக் கிழியவில்லை. நல்ல கை உனக்கு. பாயை இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டு மெதுவாகக் கழுவிக் காயவிடு, பசை ஓரளவு திரும்பும். மெஷின் வேலை கைவேலையா என்று கேட்பவர்களுக்கு மறுமொழி சொல்லி நேரத்தைக் கெடுக்காதே.

ஆனால் தமிழ் விழுகிறது, அதனால் ஆங்கிலம் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? ஆங்கில ஐ எழுத்தின் புள்ளியும் கழன்று விழத்தான் செய்யும். அதை யாரோ உட்கார்ந்து இணைத்து வைத்திருக்கிறார்கள், நீ எடுத்து வெட்டுகிறாய். தமிழுக்கு அந்த வேலையை யார் செய்வது?

என் மாமா சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளுக்குச் சாக்கில் பெயர் அடிக்கும் தகடு வெட்டியவர். தகரத்தில் எழுத்தை வரைந்து உளியால் கொத்துவார். ‘க’வின் வயிற்றுக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடாதபடி இரண்டு பக்கமும் நெல்மணி அகலத்துக்குத் தகரத்தை விட்டுவைப்பார். புள்ளி அவருக்குச் சிரமமே இல்லை. ஆணியை வைத்து ஓர் அடி, துளை விழுந்துவிடும்.

உன் வேலை அதற்கு நேர்மாறு. அவருக்கு எழுத்து ஓட்டையாக வேண்டும், உனக்கு எழுத்தே எஞ்ச வேண்டும். வயிற்றுத் துண்டு விழட்டும். புள்ளிதான் அந்தரத்தில் நிற்கிறது, பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றுமில்லை. ‘கண்ணன்’ என்று எழுதினால் இரண்டு புள்ளிகள், நான்கு தனி எழுத்துகள், ஆக ஆறு துண்டுகள். இதைக் கண்டா பயந்தாய்?

இங்க்ஸ்கேப் (Inkscape) படம் வரையும் இலவச மென்பொருள். அதில் பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்தைப் பாதையாக (Path), அதாவது இழுத்து மாற்றக்கூடிய கோடுகளாக மாற்று. புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் தலையோடு முட்டவை. முட்டினால் அழகு கெடும் என்றால் சிறு காம்பு ஒன்று வரை. எழுத்துகளை நெருக்கி ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறவிட்டு, எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணைத்துவிடு. இணைக்காமல் அனுப்பினால் கத்தி ஒவ்வோர் எழுத்தின் ஓரத்தையும் தனித்தனியே வெட்டும், ஏறவிட்டது வீண். நெருக்கியும் சேராத எழுத்துக்கு அடியில் ஒரு கோடு கொடு. விலையையும் இந்த வரையும் நேரத்துக்குக் கேள், கத்தி ஓடும் நேரத்துக்கு அல்ல.

இயந்திரத்துக்கு அனுப்பக்கூடிய எஸ்விஜி (SVG) கோப்பாகச் சேமித்து, முதலில் சாதாரணத் தாளில் வெட்டிப் பார். காம்பு முறிந்தால் தடிப்பாக்கு. நல்ல மட்டையை அதன் பிறகு பாயில் ஒட்டலாம்.