எது சிறந்த மின்சாரம்? – கடிதம்

வணக்கம் ஐயா,

மாற்று எரிசக்தி என்றால் ஆளாளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். நானே உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். சூரியஒளி, காற்று, நீர், புவிவெப்பம், கடல் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்), உயிர்த்திரள் (எரிக்கும் பயிரும் பயிர்க்கழிவும்) என்று ஆறு. ஒரு யூனிட்டுக்கான உற்பத்திச் செலவைப் பார்த்தால் சோலார்தான் முதலில் நிற்கிறது. பிறகு எதற்கு மற்றவற்றில் பணத்தைப் போட வேண்டும்? நீங்கள் இந்த ஆறையும் எப்படி வரிசைப்படுத்துவீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

வரிசை போட மாட்டேன். உங்கள் அட்டவணையில் முக்கியமான ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. அந்த யூனிட் எந்த நேரத்தில் கிடைக்கிறது?

மின்சாரத்தை உற்பத்தியாகும் நொடியிலேயே செலவழித்தாக வேண்டும், அல்லது காசு செலவழித்துச் சேமிக்க வேண்டும். அதனால் நண்பகல் யூனிட்டும் இரவு எட்டு மணி யூனிட்டும் ஒரே சரக்கு கிடையாது. ஒரு வட்டாரத்தில் சோலார் பலகைகள் பெருகப் பெருக எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கொட்டுகின்றன. மதியத்தில் வாங்க ஆளில்லை. வெயில் இறங்கி, வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்கும்போது மற்ற மின்நிலையங்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தடதடவென்று மேலேறி வர வேண்டும். கலிஃபோர்னியாவின் மின்தொகுப்பை நடத்துபவர்கள் 2013இல் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார்கள். ஆக, முதலில் வைத்த பலகைக்கு இருந்த மதிப்பு, ஏராளமாக வைத்த பிறகு வரும் பலகைக்கு இல்லை, அது இன்னும் மலிவாகவே கிடைத்தாலும்.

செய்திகளில் வரும் மெகாவாட் கணக்கையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். 100 மெகாவாட் என்பது உச்சத் திறன். அப்படிப்பட்ட சோலார் நிலையம் ஆண்டுச் சராசரியில் 15 முதல் 25 மெகாவாட்தான் தரும். காற்றாலை என்றால் இடத்தைப் பொறுத்து 25 முதல் 45. புவிவெப்ப நிலையம் 75ஐத் தாண்டும்.

காற்றில் இடம்தான் எல்லாமே. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும், பாதியானால் எட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். சுமாரான இடத்தில் நல்ல காற்றாலையை நிறுத்திப் பயனில்லை. ஆனால் இரவிலும், வெயில் குறைந்த பருவங்களிலும் பல ஊர்களில் காற்று நன்றாகவே வீசுகிறது. சோலாருக்குப் பக்கத்தில் நிற்க அதற்குத் தகுதி அங்கேதான் வருகிறது.

புவிவெப்பம் நாள் முழுக்க ஒரே சீராகக் கிடைக்கும். இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904இல் நிலத்தடி நீராவியைக் கொண்டு ஐந்து பல்புகளை எரியவிட்டார்கள். அங்கே இன்றும் மின்சாரம் எடுக்கிறார்கள். ஐஸ்லாந்தின் மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் இதிலிருந்துதான். ஆனால் சூடான பாறை மேலாக இல்லாத நாடுகளில் துளையிடும் செலவே ஆளை விழுங்கிவிடும். கடல் ஓதத்தின் நேரத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்துவிடலாம். பிரான்சின் ரான்ஸ் நிலையம், 240 மெகாவாட், 1966 முதல் ஓடுகிறது. ஏற்ற இறக்கம் போதுமான அளவுக்கு இருக்கும் கடற்கரைகள் உலகில் குறைவு, அவ்வளவுதான்.

உயிர்த்திரளில் எனக்கு நம்பிக்கை குறைவு. செடிகள் வெயிலில் ஒன்றிரண்டு சதவீதத்தைத்தான் சேமிக்கின்றன. இன்றைய பலகை 20 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. எரிப்பதற்கென்றே நிலத்தில் பயிர் வளர்ப்பது எனக்கு வீண் வேலையாகத்தான் படுகிறது. அறுவடைக் கழிவை எரிப்பது வேறு விஷயம்.

நீரை நீங்கள் விலையை மட்டும் வைத்து எடைபோட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அணையின் பெருமை அதை வேண்டும்போது குழாய் போலத் திறந்து மூடலாம் என்பதில் இருக்கிறது. டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதியளவைக் காற்றிலிருந்து எடுக்கிறது. காற்று ஓய்ந்தால் நார்வேயின் அணைகளிலிருந்து கடலடிக் கேபிள் வழியாக மின்சாரம் வரும். காற்று மிஞ்சினால் டென்மார்க் அனுப்பும், நார்வே தன் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். இந்த ஜோடியில் காற்றாலையை மட்டும் தனியாக எடுத்து மதிப்பெண் போட முடியுமா? அணை கட்டினால் ஊர்கள் மூழ்கும், வறட்சியில் கைவிடும், அதுவும் உண்மை. நீரேற்று நிலையங்கள் மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலேற்றி வைக்கின்றன. வேண்டும்போது அதைக் கீழே விட்டு மின்சாரம் எடுத்தால், போட்டதில் முக்கால் பங்கு போல திரும்பக் கிடைக்கும்.

சரி, பேட்டரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். லித்தியம் பேட்டரியின் விலை 2010இலிருந்து ஏறத்தாழ 90 சதவீதம் விழுந்திருக்கிறது. மதியத்துச் சோலாரை மாலைக்குத் தள்ளிவைக்க இப்போது அது கட்டுப்படியாகிறது. வெயில் ஆண்டு முழுக்க அடிக்கும் நாட்டில் உங்கள் சோலார் கட்சிக்கு நானும் பாதி வந்துவிடுவேன். ஆனால் பெரிய பேட்டரி நிலையங்கள் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குத்தான் தாங்குகின்றன. வடக்கு நாடுகளில் குளிர்காலம் மாதக்கணக்கில் நீளும். கோடை வெயிலை அதுவரை பேட்டரியில் பூட்டிவைக்க இன்று யாருக்கும் கட்டுப்படியாகாது. அங்கே காற்றாலையையும் அணையையும்தான் நான் முதலில் வைப்பேன்.

அன்புடன்.