பக்கத்து மேசையின் தொல்லைகள்: வாசகர் கேள்வி – பதில்

உடன் வேலை செய்பவர்களின் பழக்கங்களால் அலுவலகத்தில் படும் சங்கடங்களை எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடிதங்களில் பெரும்பாலானவை நம் மியன்மாரின் யாங்கூனிலிருந்தும், சில மோல்மேன், பகோ ஆகிய ஊர்களிலிருந்தும் வந்தன. எழுதியவர்களையும் அவர்களுடைய நிறுவனங்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பக்கத்து மேசையில் இருப்பவர் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பர்மியர். நான் அவரை 'ஊலே' (மாமா) என்றுதான் அழைப்பேன்; எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஆனால் காலை முதல் மாலை வரை குன்யா (பாக்கு வைத்து மடித்த வெற்றிலை) மென்றுகொண்டே இருக்கிறார். மேசைக்கு அடியில் ஒரு தண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு அதில் துப்புகிறார். கைகழுவும் தொட்டி எப்போதும் சிவந்து கிடக்கிறது. எனக்குக் குமட்டுகிறது, மதியச் சாப்பாடே இறங்குவதில்லை. சொன்னால் மனம் நோவாரே என்று தயங்குகிறேன். மேலாளரிடம் சொல்லிவிடலாமா? – வாசகி, தாம்வே

பதில்: சகோதரி, உங்களைத் தடுத்து நிறுத்துகிற அந்தத் தயக்கத்துக்குப் பர்மிய மொழியிலேயே ஒரு பெயர் இருக்கிறது. 'ஆனாடே' என்ற சொல்லை இந்த நாட்டில் பிறந்த நாம் எல்லோரும் நாள்தோறும் சொல்கிறோம். 'ஆ' என்றால் வலிமை, 'நா' என்றால் நோவு. பிறருக்குச் சங்கடம் தந்துவிடுவோமோ என்ற எண்ணத்திலேயே நம் உள்வலிமை நொந்துபோவதை அந்தச் சொல் குறிக்கிறது. அது உயர்ந்த பண்புதான். அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் மூன்று ஆண்டுகளாக அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்துவிட்டு, இப்போது நேராக மேலாளரிடம் போவது ஆனாடே ஆகாது. கற்றுக்கொடுத்த பெரியவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. ஆகவே முதலில் அவரிடமே, தனியாகச் சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன்பு, எதைக் கேட்கப்போகிறீர்கள் என்பதை உங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வெற்றிலை நமக்கும் அந்நியமானதன்று. தாம்பூலம் இல்லாத திருமணமும் இல்லை, கோயில் தட்டும் இல்லை. முப்பது ஆண்டுகளாக மெல்லுகிறவரிடம் மெல்லுவதையே விட்டுவிடச் சொன்னால் அது நடக்காது. பாக்கில் உள்ள பொருள் தூக்கத்தை விரட்டி உடலைப் பழக்கிவிடுகிறது. இங்கே பெரும்பாலும் புகையிலையும் சேர்த்தே மடிக்கிறார்கள். உங்களை வருத்துவது துப்புவதும் கறையும் தவிர வேறில்லை. அந்த இரண்டையும் மட்டும் கேளுங்கள்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் மற்றவர்கள் வந்து சேர்வதற்கு முன்பு, அவர் முதல் குன்யாவைப் பிரிப்பதற்கும் முன்பு பேசுவது நல்லது. உங்களைத் 'தமீ' என்று சொல்லிக்கொண்டு, ஒரு மகள் தந்தையிடம் பேசுவதைப்போலப் பேசலாம். "ஊலே, இதைச் சொல்ல எனக்கு மிகவும் ஆனாடே. எனக்குச் சிறுவயதிலிருந்தே துப்புவதைப் பார்த்தால் வயிறு புரட்டும். அந்தப் போத்தலுக்குப் பதிலாக மூடி போட்ட படிக்கம் ஒன்றை வைத்துக்கொள்ள முடியுமா? தொட்டியில் துப்பினால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட முடியுமா?" இவ்வளவு போதும். 'அசிங்கம்' என்ற சொல்லும், 'எல்லோரும் சொல்கிறார்கள்' என்ற வாக்கியமும் வாயில் வரவே கூடாது. முன்னது அவருடைய பழக்கத்தை விட்டுவிட்டு அவரையே தாக்கும். பின்னது, முதுகுக்குப் பின்னால் இத்தனை நாளும் தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்ற நினைப்பை அவருக்கு உண்டாக்கிவிடும்.

இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். பழகிய கை பழைய போத்தலையே தேடும், ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால் மேலாளரிடம் போகலாம். அப்போதும் அவர் பெயரைச் சொல்லாமல், அலுவலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு விதியைக் கேளுங்கள். இது புதிய கோரிக்கையும் அன்று. 2016-இல் அன்றைய அரசு, அரசு ஊழியர்கள் அலுவலக நேரத்தில் வெற்றிலை மெல்லுவதைத் தடுக்கும் உத்தரவைப் பிறப்பித்தது. தனியார் அலுவலகங்களும் அதைப்போல ஒரு வரியைத் தங்கள் விதிகளில் சேர்த்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்; இதை அன்றைக்கே பேசாமல் வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், பாக்கை மட்டுமேயும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்தது. அவர் சாப்பிடும்போது கவனியுங்கள். வாயை அகலத் திறக்கச் சிரமப்படுகிறாரா, மிளகாய் பட்டால் முன்பில்லாத அளவுக்கு எரிகிறது என்கிறாரா, உட்கன்னத்தில் வெள்ளைத் திட்டு அல்லது ஆறாத புண் இருப்பதாகச் சொல்கிறாரா? அப்படியானால் தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவது சில வேளைகளில் வீட்டாருக்குத் தெரிவதில்லை. ஆனால் எச்சிலால் காசநோய் வரும் என்று சொல்லி அவரை மிரட்டாதீர்கள். காசநோய் இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளால் பரவுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அவர் ஆனாலும் நீங்கள் ஆனாலும், சளிப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

கேள்வி: எங்கள் அறையில் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் வைபர் செயலியில் வரும் குரல் செய்திகளை எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடுகிறார். ஓய்வு கிடைத்தால் காணொளி பார்க்கிறார், அதுவும் சத்தமாகத்தான். என் வயதை ஒத்தவர், நல்ல நண்பரும்கூட. நான் பெருமூச்சு விட்டும் முறைத்தும் பார்த்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. – வாசகர், திங்கன்ஜுன்

பதில்: பெருமூச்சுக்கு யாரும் பொருள் சொல்லிக் கொடுத்ததில்லை, தம்பி. நீங்கள் முறைத்தது அவருக்குத் தலைவலியாகத் தோன்றியிருக்கலாம், வீட்டுக் கவலையாகத் தோன்றியிருக்கலாம். வாயால் சொல்லாததை அவர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

என் தவற்றையே இங்கே சொல்கிறேன். இளம் வயதில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், எதிர் மேசைக்காரர் யோசிக்கும்போதெல்லாம் பேனாவின் பின்புறத்தை அழுத்தி அழுத்திச் சத்தம் எழுப்புவார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் பொறுமையை நானே மெச்சிக்கொண்டேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் ஒரு நாள் மாலையில், பத்துப் பேர் முன்னிலையில், அந்தப் பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கி மேசையில் வீசினேன். அவர் அதிர்ந்துபோனார். "இவ்வளவு நாளும் சொல்லவே இல்லையே" என்று மட்டும்தான் கேட்டார். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன், அவரும் மன்னித்தார். ஆனால் நான் அந்த நிறுவனத்தை விட்டு விலகும்வரை, என் முன்னால் அவர் பேனாவை எடுக்கும்போதெல்லாம் ஒரு கணம் தயங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தத் தயக்கம் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே இன்றைக்கே, சிரித்த முகத்தோடு, "இயர்போன் போட்டுக்கொள், எனக்குக் கணக்கு தப்புகிறது" என்று சொல்லிவிடுங்கள். நண்பரிடம் இதற்கு மேல் முன்னுரை எதுவும் வேண்டாம்.

கேள்வி: இங்கே தொல்லை தருபவளே நான்தான் போலிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவேன். மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால், உடனே இரண்டு பெண்கள் எழுந்து சன்னலைத் திறக்கிறார்கள், மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அவர்களே தினமும் ஙாப்பி (புளிக்கவைத்த மீன், இறால் விழுது) சாப்பிடுகிறவர்கள்! நம்மவர் சாப்பாடு என்பதால்தானே இந்த இளக்காரம்? – வாசகி, மோல்மேன்

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் அந்த முடிவுக்கு உடனே போகவேண்டாம். அவர்கள் வேறு நேரங்களில் உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பாருங்கள். விழா அழைப்பிலும் பேச்சிலும் வேலைப் பங்கீட்டிலும் உங்களை ஒதுக்குகிறார்கள் என்றால், அது சாப்பாட்டைத் தாண்டிய சிக்கல். அதைத் தனியே எழுதுங்கள், வேறு விதமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மற்றபடி நன்றாகப் பழகுகிறவர்கள் என்றால், மூக்கின் இயல்பைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். நாள்தோறும் நுகரும் மணத்தை மூக்கு விரைவில் உணராமல் விட்டுவிடும். ஙாப்பி அவர்கள் வீட்டு மணம்; கருவாடு உங்கள் வீட்டு மணம். நம் வீட்டுப் பெருங்காயத்தைக் கண்டு முகம் சுளித்த அயலாரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஙாப்பி வறுபடும் படிக்கட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிய நம்மவர்களையும் பார்த்திருக்கிறோம்.

அலுவலகத்தில் சாப்பிடுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. குழம்பை விட்டுவிடும்படி நான் சொல்லப்போவதில்லை. சூடாக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். மீனின் வாடையைத் தரும் பொருள்கள் சூட்டில்தான் எழுந்து அறை முழுவதும் பரவுகின்றன. மூடிய கேரியரில் ஆறிய குழம்பு பக்கத்து நாற்காலியைக்கூடத் தாண்டாது. சோற்றை மட்டும் சூடாக்கிக்கொண்டு, முந்தின நாள் வைத்த குழம்பை ஆறியபடியே ஊற்றிக்கொள்ளுங்கள். பழங்கருவாட்டுக் குழம்பின் ருசி உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புளிப்பு அந்த வாடையைக் கட்டும் என்பதால் புளியைச் சற்றுத் தூக்கலாக வைக்கலாம். அடுப்பில் ஏற்கெனவே ஏறிவிட்ட வாடைக்கு, எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் உட்புறத்தைத் துடைத்தால் போதும்.

நம் நாட்டு அலுவலகங்களில் கொண்டுவந்த கறிகளையெல்லாம் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடும் வழக்கம் இருக்கிறது. நீங்கள் அந்த மேசையில் உட்காருகிறீர்களா, அல்லது தனியே சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. தனியே என்றால், கருவாடு இல்லாத ஒரு நாளில் உங்கள் கேரியரோடு போய் உட்காருங்கள்.

கேள்வி: நான் ஒரு விற்பனைப் பிரிவின் பொறுப்பாளர். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவரிடம் கடுமையான வியர்வை நாற்றம். வேலையில் கெட்டிக்காரர். சென்ற வாரம் யாரோ அவருடைய மேசையில் ஒரு சோப்புக் கட்டியை வைத்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் யாரோடும் பேசுவதில்லை. நான் என்ன செய்வது? – வாசகர், யாங்கூன்

பதில்: ஐயா, அந்தச் சோப்புக் கட்டியிலிருந்துதான் நீங்கள் தொடங்க வேண்டும். அதை வைத்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். பிரிவில் உள்ள மற்ற அனைவரையும், அந்த இளைஞர் இல்லாத வேளையில் அழைத்து, இனி இப்படி ஒன்று நடந்தால் அதை அவமதிப்பாகவே கருதி நடவடிக்கை எடுப்பேன் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். நாற்றம் அவர் வேண்டுமென்று செய்ததன்று. சோப்பு வேண்டுமென்றே செய்தது.

அடுத்தது காரணம். யாங்கூனில் மின்சாரம் நின்றால் தண்ணீரும் நின்றுவிடும் என்பது மாடி வீடுகளில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் ஓடினால்தான் மேல்தளத் தொட்டி நிறையும். மின்சாரம் வரும் நேரத்தில் அவர் அலுவலகத்தில் இருந்தால், வீட்டுக்கு எந்தத் தண்ணீர் போகும்? ஐந்தாவது, ஆறாவது மாடியில் வாடகை குறைவு என்று பல இளைஞர்கள் சேர்ந்து தங்கியிருக்கிறார்கள். ஒரு வாளித் தண்ணீரை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல். ஜூன் முதல் அக்டோபர் வரை துவைத்த சட்டை உள்ளேயே தொங்கி, காயாமல், ஒரு புழுங்கல் வாடை பிடித்துவிடும்; அது குளித்தாலும் போகாது, ஏனென்றால் அது துணியில் இருக்கிறது. சிலருக்குத் தைராய்டு போன்ற உடற்கோளாறுகளால் அளவுக்கு மீறி வியர்ப்பதும் உண்டு. இவற்றில் எது என்று தெரியாமல் 'சுத்தமாக இரு' என்று ஒருவரிடம் சொல்வது கொடுமை.

மாலையில், வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில், கதவை மூடிய அறையில் பேசுங்கள். காலையில் சொன்னால் அவர் நாள் முழுவதும் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு எல்லோர் நடுவிலும் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். தேநீர்க் கடையும் வேண்டாம். பக்கத்து மேசைக்குக் காது உண்டு. "தம்பி, நான் சொல்லப்போவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், எனக்கும் அப்படித்தான். வியர்வை வாடை சற்று அதிகமாகத் தெரிகிறது. நீங்களாக அறிய வழியில்லை என்பதால் நான் சொல்கிறேன். வீட்டில் தண்ணீர்ச் சிரமம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை காத்திருங்கள். பேசாவிட்டாலும் வற்புறுத்தாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம்.

உங்கள் கையில் அதிகாரம் இருப்பதால் ஆறுதலோடு நின்றுவிடாமல் உதவியும் செய்ய முடியும். ஜெனரேட்டர் உள்ள அலுவலகம் என்றால் தண்ணீர் இருக்கும். காலையில் அரை மணி நேரம் முன்னதாக வந்து குளியலறையைப் பயன்படுத்திக்கொள்ள அவரையும், அவரைப்போலத் தேவைப்படும் வேறு யாரையும் அனுமதிக்கலாம். அலமாரியில் மாற்றுச் சட்டை ஒன்று வைத்துக்கொள்ள இடம் கொடுக்கலாம். துணியின் வாடைக்கு, வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் பெரும்பாலும் போய்விடும். இவற்றில் எதுவும் பயன்படவில்லை, வியர்வை அடங்கவே இல்லை என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நாள் விடுப்பும் கொடுங்கள்.

சொல்லி முடித்த பிறகு இந்தப் பேச்சை நீங்களாக மறுபடியும் எடுக்கவேண்டாம். மறுநாள் காலையில் அவரை முதலில் கூப்பிடுபவர் நீங்களாக இருங்கள். அந்த மாதத்து விற்பனைக் கணக்கைக் கேளுங்கள்.