கமோடியஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் குழுவில் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸின் 'லெவியதான்' என்ற அரசியல் நூலின் 13ஆம் அத்தியாயத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். பொது அதிகாரம் என ஒன்று இல்லாதபோது மனிதருக்கு எதெல்லாம் இருக்காது என்று அவர் அடுக்கும் இடத்தில் 'கமோடியஸ் பில்டிங்' (commodious building) என்று வருகிறது. அகராதியில் கமோடியஸ் என்றால் விசாலமான, இடம் தாராளமாக உள்ள என்றே போட்டிருக்கிறது. நாங்களும் 'விசாலமான கட்டடங்கள் இரா' என்று எழுதினோம். ஆனால் உழவில்லை, கடற்பயணமில்லை என்று சொல்லிவரும் ஒருவர் நடுவில் வீடு பெரிதாக இல்லை என்றா வருந்துவார்? எங்கோ இடறுகிறது. விளக்க முடியுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இடறுகிறது என்று நின்றீர்களே, அது நல்ல வாசிப்பு. விசாலம் அங்கே பொருந்தாது. 'வாகான' என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'கொம்மோதுஸ்'. 'கொம்' என்றால் உடன், 'மோதுஸ்' என்றால் அளவு. அளவோடு அமைந்தது, தக்கது, பயன்படுவது என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 15ஆம் நூற்றாண்டிலும் நன்மை தருவது, வசதியானது என்பதே அதன் பொருள். நாம் அன்றாடம் சொல்லும் கமாடிட்டி, அக்காமடேஷன், கமோட் எல்லாம் இதே குடும்பம்தான். கமோட் என்பது ஒரு காலத்தில் இழுப்பறைகள் வைத்த பிரெஞ்சு அலமாரி. பிறகு மலப்பாத்திரத்தை மறைத்து வைக்கும் நாற்காலிக்குப் பெயராகி, இன்று நம் வீட்டுக் கழிப்பறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இவற்றில் எதிலும் பெரியது என்ற எண்ணம் இல்லை. கைக்கு உதவுவது என்ற எண்ணம்தான் இருக்கிறது.

ஹாப்ஸின் நூல் வந்தது 1651இல். அவர் தலைமுறை ஆங்கிலேயரின் காதில் இந்தச் சொல் எப்படி ஒலித்தது என்பதற்கு 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பே சாட்சி. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் பவுலைக் கைதியாக ஏற்றிச் செல்லும் கப்பல் கிரேத்தா தீவின் 'நல்ல துறைமுகம்' என்ற இடத்தில் நிற்கிறது. குளிர்காலம் தங்க அந்தத் துறை கமோடியஸ் அல்ல என்று சொல்லிப் பெரும்பாலோர் கிளம்பச் சொல்கிறார்கள். கிளம்புகிறார்கள், புயலில் சிக்குகிறார்கள், மெலித்தா தீவருகே கப்பல் உடைகிறது. துறைமுகம் சின்னது என்பதல்ல அவர்கள் பயம். அந்தப் பருவத்தை அங்கே கழிக்கத் தோதில்லை என்பதுதான்.

1624இல் ஆங்கில எழுத்தாளர் ஹென்றி வாட்டன் கட்டடக்கலை பற்றி எழுதியபோது நல்ல கட்டடத்துக்கு மூன்று இலக்கணம் சொன்னார்: கமாடிட்டி, உறுதி, இன்பம். பண்டைய ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் சொன்ன பயன், உறுதி, அழகு என்ற மூன்றையே அவர் எடுத்தாள்கிறார். கமாடிட்டி அங்கே பயனின் இடத்தில் நிற்கிறது. ஹாப்ஸ் 'கமோடியஸ் பில்டிங்' என்று எழுதியது இதற்கு 27 ஆண்டுகள் கழித்து.

விசாலம் எப்போது நுழைந்தது? 16ஆம் நூற்றாண்டிலேயே தலைகாட்டிவிட்டது. வீடு, அறை, துறைமுகம் என்று இந்த அடை ஒட்டிக்கொண்டதெல்லாம் இடம் இருந்தால்தான் வசதிப்படும் பொருட்கள். பூவோடு சேர்ந்த நார் மாதிரி, பெயர்ச்சொல்லின் வாசனை மெல்ல அடைமொழியில் ஏறிவிட்டது. ஆனால் 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியைத் திறந்தால் வசதியான, ஏற்ற, இடைஞ்சலற்ற, தேவைக்கு உதவும் என்ற பொருள்கள்தான் இருக்கின்றன. அளவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஹாப்ஸின் நூலுக்குப் பின் நூறாண்டு கடந்தும் நிலைமை இதுதான் என்றால், அவர் வரியில் இன்றைய பொருளை வைப்பது அவர் சொல்லாததைச் சொல்லவைப்பது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் அதே அத்தியாயத்தின் முடிவு. மனிதரைச் சமாதானத்தை நோக்கித் தள்ளும் உணர்ச்சிகள் என அவர் மூன்றைச் சொல்கிறார்: சாவு பற்றிய அச்சம், 'கமோடியஸ் லிவிங்' என்பதற்குத் தேவையானவற்றின் மீதான விருப்பம், உழைத்தால் அவற்றைப் பெறலாம் என்ற நம்பிக்கை. இங்கே விசாலத்தை வைத்தால் ஹாப்ஸின் மனிதன் மாளிகைக்கு ஏங்குபவன் ஆகிவிடுவான். அவன் கேட்பது ஒழுகாத கூரை, விளைந்ததை வைக்க ஓர் இடம், தொழில் செய்ய ஒரு திண்ணை. ஹாப்ஸின் அரசியலே இந்த எளிய ஆசையின் மேல்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் வாழ்ந்தவர் அவர்.

மற்றப் பழைய நூல்களிலும் இந்தச் சொல் வந்தால் அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். 'இன்னதற்கு' என்று ஒரு நோக்கம் தொடர்ந்தால் பெரும்பாலும் பழைய பொருள்தான். அறைகளின் எண்ணிக்கை தொடர்ந்தால் புதிய பொருள்.

உங்கள் வரியை 'வாகான கட்டடங்கள் இரா' என்றும், பின்னதை 'வசதியான வாழ்வு' என்றும் வைக்கலாம். இன்னொன்று: அதே அடுக்கில், கட்டடத்துக்குச் சற்று முன்புதான் கடல்வழி வந்திறங்கும் 'கமாடிட்டி'கள் பற்றியும் பேசுகிறார். அவற்றைப் பண்டங்கள் என்றுதான் எழுத முடியும். இரண்டும் ஒரே வேர் என்பதை அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.