வந்தாய்ங்களும் வந்தார்களும்

அன்புள்ள ஐயா,

மதுரை செல்லூரில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது, அங்கன்வாடிக்குப் போகிறான். எதிர்வீட்டுப் பிள்ளை எல்கேஜியில் ஏபிசிடி முழுவதும் எழுதுகிறது. இவனை 'அ' எழுதச் சொன்னால் சிலேட்டில் கோழி வரைகிறான். நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மாமியார் கைநாட்டு. வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது. எங்கள் வீட்டில் பிறந்ததாலேயே படிப்பில் பின்தங்கிவிடுவானோ?

எம்., செல்லூர்

அன்புள்ள எம்.,

கோழி வரையட்டும். கோழிக்குப் போடும் வளைவுதான் நாளைக்கு 'அ'வுக்கும் வேண்டும்.

உங்கள் பயத்தை அமெரிக்காவில் எண்ணியே பார்த்தார்கள். கான்சாஸ் நகரில் 42 குடும்பங்களின் பேச்சை மாதாமாதம் பதிவு செய்தவர்கள், வசதியான வீட்டுப் பிள்ளையைவிட ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வருவதற்குள் சுமார் 3 கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று 1995இல் கணக்குச் சொன்னார்கள். 2018இல் வேறொரு குழு, வீட்டில் மற்றவர்கள் பேசுவதையும் சேர்த்து எண்ணியது. அந்தப் பள்ளம் அப்படியே தென்படவில்லை. பிள்ளையின் முகம் பார்த்துப் பேசாத பேச்சுக்கு அவ்வளவு பலன் உண்டா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. உங்கள் மாமியார் முகம் பார்த்துத்தான் கதை சொல்வார், 'ம்' கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவார். அது பெரிய பாடம். கைநாட்டு என்று அவரைக் கழிக்காதீர்கள்.

ஆனால் அது மட்டும் போதும் என்று சொன்னால் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் ஆட்கள் 'வந்தாய்ங்க', புத்தகத்தில் 'வந்தார்கள்'. வீட்டில் யாரும் வாசித்துக் காட்டாத பிள்ளைக்கு எழுத்தும் புதிது, அந்தத் தமிழும் புதிது. இரண்டும் ஒரே நாளில் தலையில் விழுகின்றன. ஒன்றாம் வகுப்பில் நான் 'நரி வந்தது' என்பதை 'நரி வந்துச்சு' என்று வாசித்துக் குட்டு வாங்கினேன். எழுத்து தெரியாமல் இல்லை, அந்தத் தமிழ் காதில் விழுந்ததே இல்லை. (குட்டியவருக்கு அது புரியவில்லை. எனக்கே புரிய முப்பது வருடம் ஆயிற்று.)

அதனால் இரவில் பத்து நிமிடம் ஒரு படக்கதையை விரல் வைத்து, புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள். அப்புறம் நம் பேச்சில் சொல்லுங்கள். பத்தாவது படிப்பு இதற்குத் தாராளம். ஒரே புத்தகத்தை நாற்பது தடவை கேட்பான், சலிப்பு உங்களுக்குத்தான் வரும். புதுநத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆட்டோவிலேயே போய் வாருங்கள். காலண்டர் தாளைத் தினமும் அவனே கிழிக்கட்டும்.

வாசிக்கும்போது மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். படத்தைப் பார்த்து அவர் வேறு கதை சொல்வார். எது சரி என்று பையன் சண்டைக்கு வருவான். வந்தால் எனக்கு எழுதுங்கள்.